கோஜெனரேஷன்: 'இணை மின் உற்பத்தி' போதுமா?

சர்க்கரை ஆலைக்காரர்கள் வாயில் இது 'கோஜென்'. செய்தித்தாளில் 'இணை மின் உற்பத்தி'. ஒரே எரிபொருளை எரித்து, மின்சாரத்தோடு வேலைக்கு உதவும் வெப்பத்தையும் எடுத்துக்கொள்வதுதான் விஷயம். ஐரோப்பியப் புத்தகங்களில் இதுவே சி.எச்.பி., அதாவது கம்பைன்ட் ஹீட் அண்ட் பவர்.

'கோ' என்பது 'உடன்' என்று பொருள்படும் லத்தீன் முன்னொட்டு; 'ஜெனரேஷன்' பிறப்பித்தல் என்ற வேரில் வந்தது. 1978இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், இத்தகைய ஆலைகளின் மின்சாரத்தை மின் நிறுவனங்கள் வாங்க வழிசெய்தது. சொல் பரவலானதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆலையில் பிழிந்த கரும்பின் சக்கை, பாதிக்குப் பாதி ஈரத்தோடு, கன்வேயரில் பாய்லருக்குப் போகும். அங்கே உண்டாகும் உயரழுத்த நீராவி டர்பைனைச் சுழற்றிவிட்டு, அழுத்தம் குறைந்து வெளிவந்து கரும்புச் சாறைக் காய்ச்சும். சாதாரண அனல் மின்நிலையத்தில் இந்த வெப்பம் நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சர் வழியாக வீணாகிவிடும்.

இதனால்தான் 'இணை மின் உற்பத்தி' எனக்கு அரைகுறையாகப் படுகிறது. அதில் வெப்பத்தைக் காணோம். 'கூட்டு' என்று போட்டாலோ, கேஸ் டர்பைன், ஸ்டீம் டர்பைன் இரண்டிலும் மின்சாரமே எடுக்கும் கம்பைன்ட் சைக்கிளோடு குழம்பும். 'வெப்ப-மின் இணை உற்பத்தி' கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் சரியானது.

இளநிலைப் பொறியியல் மாணவர்கள் தடுமாறுவது இதன் பயனுறுதிறனைக் கணக்கிடும்போது. எரிபொருள் 100 அலகு, மின்சாரம் 20, வெப்பம் 60 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 80 சதவீதம். சரி, மின்சாரமே தராத வெறும் பாய்லர் 90 சதவீதம் காட்டுமே, அது மேலானதா? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பது நல்லது.

மின்சாரமும் வெப்பமும் தரத்தில் ஒன்றல்ல. 127 டிகிரி செல்சியஸ் நீராவியின் வெப்பத்தில், 27 டிகிரி சுற்றுப்புறத்தில், அதிகபட்சம் கால் பங்கைத்தான் வேலையாக மாற்ற முடியும். அப்படிப் பார்த்தால் இணை உற்பத்திக்கு மின்சாரம் 20 உடன், வெப்பம் 60இல் கால் பங்கான 15 சேர்ந்து 35. பாய்லருக்கு வெறும் 22.5. இந்த அளவுகோலுக்கு எக்ஸர்ஜி என்று 1956இல் பெயர் வைத்தவர் ஸ்லோவீனியப் பொறியாளர் ஸோரன் ரன்ட். தமிழில் 'பயன்படு ஆற்றல்' எனலாம்.

இன்னொரு வழி, எரிபொருள் சேமிப்பு. அதே மின்சாரத்தை 40 சதவீதப் பயனுறுதிறன் உள்ள மின்நிலையத்திலும், வெப்பத்தை 90 சதவீத பாய்லரிலும் தனித்தனியே எடுத்தால் சுமார் 117 அலகு எரிபொருள் வேண்டும். ஆக மிச்சம் 14 சதவீதம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி இது 10 சதவீதத்தைத் தொட்டால்தான், மிகச் சிறிய அலகுகள் நீங்கலாக, 'உயர் திறன்' இணை உற்பத்தி என்ற பெயர் கிடைக்கும். அந்த வெறும் பாய்லருக்கு இந்தக் கணக்கில் சேமிப்பு சுழியம்.