காது கேக்குது, வார்த்தை பிடிபடல: இந்தப் பிள்ளைங்களுக்கு கார்டும் பரீட்சை சலுகையும் எந்த வழியா வாங்கணும்

என் தங்கச்சி பையன் தண்டையார்பேட்டைல ஆறாவது படிக்கிறான். கிளாஸ் ஜன்னல் ரோட்டு பக்கம், ஹார்பருக்கு போற கன்டெய்னர் லாரி நாள் பூரா ஓடும், மேல ஃபேன் கடகடன்னு சுத்தும். டீச்சர் அறுபத்தேழாம் பக்கம் எடுங்கன்னா இவன் உடனே எடுக்க மாட்டான், பக்கத்துல இருக்கிறவன் கை எங்க போகுதுன்னு பாத்துட்டு அப்புறம்தான் புரட்டுவான். ரெண்டு வருஷமா இதுக்குப் பேரு "கவனக்குறைவு". அடி வாங்கினான். ஆஸ்பத்திரில கண்ணாடி ரூம்ல உக்கார வெச்சு ஹெட்போன் மாட்டி டெஸ்ட் பண்ணாங்க, ஒவ்வொரு பீப்புக்கும் கரெக்டா பட்டன் அமுக்கினான், நார்மல்னு சீட்டு எழுதி அனுப்பிட்டாங்க. அந்தச் சீட்டை வெச்சே ஸ்கூல்ல "பாத்தீங்களா, பையன் நடிக்கிறான்"னு சொன்னாங்க. தங்கச்சி அன்னிக்கு அழுத அழுகைக்காகத்தான் இதை எழுதுறேன், வேற யாரும் அந்த வாசல்ல போய் அப்படி நிக்கக்கூடாது.

இதுக்கு ஆடிட்டரி ப்ராசசிங் டிஸார்டர்னு பேரு, ஏ.பி.டி.ம்பாங்க. காதுல கோளாறு இல்ல, காது அனுப்புற சத்தத்தை மூளை பிரிச்சு எடுக்கிறதுலதான் சிக்கல். இரைச்சல் இருந்தா இன்னும் மோசம். சத்தமே வராத ரூம்ல வெக்கிற ஆடியோகிராம்ல, அதான் அந்த பீப் டெஸ்ட்ல, இது தெரியாது. இரைச்சலோட பேச்சைக் கேக்க வெக்கிற டெஸ்ட், ரெண்டு காதுலயும் ஒரே நேரத்துல வேற வேற நம்பர் சொல்ற டெஸ்ட்னு தனியா இருக்கு, பொதுவா ஏழு வயசுக்கு மேலதான் செய்வாங்க. ஓ.பி.ல "காது டெஸ்ட்"னு மட்டும் சொன்னா பழைய பீப் டெஸ்ட்டுக்குத்தான் அனுப்புவாங்க, ஏ.பி.டி. டெஸ்ட் வேணும்னு பேரைச் சொல்லி, காது கேக்குறதை டெஸ்ட் பண்ற ஆடியாலஜிஸ்ட்கிட்டயே கேளுங்க.

இப்ப கார்டு விஷயம், அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, யூ.டி.ஐ.டி.ம்பாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை இருக்கு, ஏ.பி.டி.ன்னு தனிப் பேரு கிடையாது. எல்லாரும் மாட்டுறது இங்கதான். காது சம்பந்தப்பட்டதுதானேன்னு யூ.டி.ஐ.டி. அப்ளிகேஷன்ல செவித்திறன் குறைபாடுன்னு டிக் பண்ணிடுறாங்க. அந்த வகைக்கு ரெண்டு காதுலயும் குறைஞ்சது 60 டெசிபல் இழப்பு இருக்கணும், நம்ம பிள்ளைக்கு ஆடியோகிராம் நார்மல், சர்டிஃபிகேட் குடுக்குற மெடிக்கல் போர்டுல ரெண்டு நிமிஷத்துல திருப்பி அனுப்பிடுவாங்க. நீங்க பாக்க வேண்டியது குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, எஸ்.எல்.டி.ன்னு இருக்கிற வகை. பேச்சாவோ எழுத்தாவோ வர்ற மொழியைப் புரிஞ்சுக்கிறதுல குறைன்னுதான் சட்டமே அதுக்கு அர்த்தம் சொல்லுது, புலன் உணர்வுக் குறைபாடும் அதுல சேரும்னு எழுதியிருக்கு. அந்த வரியை பிரின்ட் எடுத்து கைல வெச்சுக்கோங்க, கவுன்ட்டர்ல இருக்கிறவங்க நிறைய பேர் அதைப் படிச்சதே இல்ல.

எஸ்.எல்.டி. டெஸ்ட் மூணாங்கிளாஸ் இல்லன்னா எட்டு வயசுல இருந்துதான். அதுல ஐ.க்யூ.வும் பாப்பாங்க, இதுலதான் எனக்கு ரொம்ப பயம். வெளிய டோக்கன் நம்பர் கூப்பிடுற சத்தம், கதவைத் தொறந்து மூடுற சத்தம், அதுக்கு நடுவுல வாயால கேள்வி கேட்டா பிள்ளை பாதியை விட்டுடும், மார்க் குறையும், அறிவுசார் குறைபாடுன்னு தப்பா எழுதிட்டா மாத்துறதுக்குள்ள உயிர் போயிடும். அமைதியான ரூம் வேணும், முகத்தைப் பாத்து பேசணும், திரும்பச் சொல்லணும், தமிழ் மீடியம் பிள்ளைன்னா தமிழ்ல கேக்கணும்னு டெஸ்ட்டுக்கு முன்னாடியே சொல்லுங்க, சங்கடப்படாதீங்க. ஏ.பி.டி. ரிப்போர்ட்டை முதல்லயே மேஜைல வெச்சிடுங்க.

நம்ம பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு, ஆனா மெடிக்கல் போர்டு என்னிக்கு, அன்னிக்கு சைக்காலஜிஸ்ட் இருப்பாங்களான்னு தெரிஞ்சுக்காம கிளம்பாதீங்க. ஒரு நாள் கூலி போச்சுன்னா யாரும் திருப்பித் தர மாட்டாங்க. எங்களை ஈ.என்.டி.ல இருந்து சைக்கியாட்ரி, அங்க இருந்து குழந்தைகள் பிரிவு, திரும்ப ஈ.என்.டி.ன்னு மூணு தடவை சுத்த விட்டாங்க. நாலாவது தடவை நாங்க ஒண்ணு கத்துக்கிட்டோம், எந்த ரூம்ல இருந்து அனுப்பினாலும் எதுக்கு அனுப்புறீங்கன்னு ஓ.பி. சீட்டுலயே எழுதி வாங்கணும். வாயால சொன்னது எதுவும் அடுத்த ரூம்ல செல்லாது. கார்டு கிடையாதுன்னு சொன்னாலும் காரணத்தை எழுத்துல கேளுங்க, அப்பீல் பண்ண சட்டத்துல 59-வது பிரிவு இருக்கு, எழுத்து இல்லாம அங்க ஒண்ணும் பண்ண முடியாது.

குறைபாடு நாப்பது சதவீதம்னு சர்டிஃபிகேட்ல வரலன்னா எல்லாம் முடிஞ்சதுன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. வேலை இடஒதுக்கீடு மாதிரி விஷயத்துக்குத்தான் அந்த 40. ஸ்கூல்ல முன்னாடி பெஞ்சு, ஜன்னல் ஓரம் வேணாம், வீட்டுப்பாடத்தை போர்டுல எழுதிப் போடுறது, டிக்டேஷனுக்கு பதிலா பாத்து எழுதுறது, இதெல்லாம் 16-வது பிரிவுல வர்ற நியாயமான ஏற்பாடு, அரசு அங்கீகாரம் வாங்கின தனியார் ஸ்கூலுக்கும் பொருந்தும். அதுக்கு யாரும் பர்சன்டேஜ் கேக்கக்கூடாது.

பத்தாவது, பன்னெண்டாவதுக்கு கூடுதல் நேரம், சொல்றதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் ஹெச்.எம். வழியாத்தான் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகணும். ஜூன்லயே மனு குடுங்க. ஹால் டிக்கெட் வர்ற நேரத்துல ஓடினா லேட்டுன்னுடுவாங்க. மனு ரெண்டு காப்பி, ஒண்ணுல ஸ்கூல் சீலும் தேதியும் வாங்கணும். "நான் பாத்துக்குறேன்மா, சீல் எதுக்கு"ன்னு சொன்னாலும் வாங்காம நகராதீங்க. குடுக்க மாட்டேன்னா ரெஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க, அப்புறம் ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு, இல்லன்னா முதல்வர் ஹெல்ப்லைன் 1100-க்கு போன்.

ரெண்டு விஷயத்துக்கு அலையாதீங்க. ஒண்ணு மாசம் 2000 ரூபா பராமரிப்பு உதவித்தொகை, அது கடுமையா பாதிக்கப்பட்டவங்களுக்கு, இதுக்கு வராது, வாங்கித் தரேன்னு காசு கேக்குற புரோக்கரை அனுப்பிடுங்க. இன்னொண்ணு முகாம்ல குடுக்குற சாதா ஹியரிங் எய்டு. அது எல்லாத்தையும் சேத்து பெருசாக்கும், லாரி சத்தமும்தான் கூடும். இவங்களுக்கு ஒத்து வர்றது டீச்சர் மைக்ல பேசுறது நேரா பிள்ளை காதுக்கு வர்ற ரிமோட் மைக் செட், விலை ஜாஸ்தி, ஆடியாலஜிஸ்ட்டைக் கேக்காம வாங்காதீங்க.

எங்க பையனுக்கு இன்னும் கார்டு வரல, அப்ளிகேஷன் ஓடிட்டிருக்கு. ஆனா சீல் போட்ட மனுவுக்கு அப்புறம் ரெண்டாவது பெஞ்சுக்கு மாத்திட்டாங்க, பக்க நம்பரை டீச்சர் போர்டுல எழுதுறாங்க. போன வாரம் அவனே முதல்ல புக்கைத் தொறந்தானாம்.