லீன் என்றால் பற்றுரிமை

அமெரிக்காவில் தவணை தவறிய வீடுகளை ஏலத்தில் எடுக்க நினைப்பவர்கள் அடமானத்தைப் பற்றி விசாரிப்பார்கள், 'லீன்' பற்றி விசாரிக்க மறந்துவிடுவார்கள். கடன் தீரும்வரை ஒரு சொத்தின் மேல் கடன் கொடுத்தவருக்கு உள்ள சட்டப்பிடிக்குத்தான் அந்தப் பெயர். பத்திரம் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். பணம் வராவிட்டால் சொத்தை விற்று எடுத்துக்கொள்ள இந்தப் பிடி வழிவிடும்.

லத்தீனில் 'லிகாரே' என்றால் கட்டுதல். அதன்வழி வந்த பிரெஞ்சுச் சொல்தான் ஆங்கிலச் சட்டமொழியில் நிலைத்தது. மூட்டில் எலும்புகளைப் பிணைக்கும் 'லிகமென்ட்'டுக்கும் அதே வேர். தமிழிலும் கட்டுவதைக் குறிக்கும் 'பிணை'தான் கடனுக்கான உறுதியையும் குறித்தது. ஆனால் இன்று பிணை என்றதும் ஜாமீன்தான் நினைவுக்கு வருகிறது. ஆகவே சட்டத் தமிழில் வழங்கும் 'பற்றுரிமை' என்பதே பொருத்தம். 'வில்லங்கம்' அளவுக்கு மீறி அகலமான சொல். வழிநடைப் பாத்தியம்கூட அதில் அடங்கும். 'அடமானம்' குறுகியது, உரிமையாளரே கையெழுத்திட்டுக் கொடுப்பது. சொத்துவரி பாக்கியும் கூலி கிடைக்காத கட்டட ஒப்பந்ததாரரின் உரிமையும் உரிமையாளர் சம்மதம் கேட்காமலே வீட்டின் மேல் ஏறிக்கொள்ளும்.

ஏலத்தில் முதலில் பார்க்க வேண்டியது, எந்தப் பற்றுரிமையின் பேரில் வீடு விற்கப்படுகிறது என்பதை. பொதுவாக முதலில் பதிவானதே முன்னுரிமை பெறும். முதல் அடமானத்தின் பேரில் ஏலம் நடந்தால் அதற்குப் பிந்தியவை வீட்டைவிட்டு நீங்கும். மிச்சப்பணம் இருந்தால் வரிசைப்படி அவர்களுக்குப் போகும். இரண்டாம் அடமானத்தின் பேரில் நடந்தால் கதை வேறு, முதல் அடமானம் வீட்டின் மேலேயே நிற்கும். முதல் அடமானத்தில் 2,00,000 டாலர் பாக்கி நிற்கும் வீட்டை 45,000 டாலருக்கு எடுத்தவருக்கு அந்த வீட்டின் அடக்கவிலை 2,45,000 டாலர். ஏலத்தில் தொகை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால், பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

வரிசையை மீறுபவையும் உண்டு. உள்ளூர்ச் சொத்துவரி பொதுவாக எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கும். பல மாநிலங்களில் ஒப்பந்ததாரரின் உரிமை, பதிவான நாளிலிருந்து அல்ல, வேலை தொடங்கிய நாளிலிருந்தே கணக்காகும். நேற்றுவரை பதிவேட்டில் இல்லாதது நாளை முளைக்கலாம். நெவாடா போன்ற சில மாநிலங்களில் குடியிருப்போர் சங்கத்தின் கட்டணப் பாக்கியில் ஒரு பகுதி முதல் அடமானத்தையே முந்தும். பிந்திய உரிமையாயினும், மத்திய வருமானவரித் துறையின் பற்றுரிமை முறைப்படி பதிவாகியிருந்தால், நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கும் ஏலத்துக்குக் குறைந்தது 25 நாள் முன்பே அத்துறைக்கு அறிவிப்புப் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் அது வீட்டோடு ஒட்டிக்கொண்டே வரும். போயிருந்தாலும் ஏலத்துக்குப் பின் குறைந்தது 120 நாள் அத்துறைக்கு வீட்டை மீட்கும் உரிமை உண்டு. அதற்குள் செலவு செய்து வீட்டைப் புதுப்பிப்பது புத்திசாலித்தனமல்ல.

நீதிமன்ற வழி ஏலமானால் வழக்குக் கட்டையும் புரட்ட வேண்டும். பிந்திய பற்றுரிமைக்காரர் யாரேனும் பிரதிவாதியாகச் சேர்க்கப்படாமல் விடுபட்டிருந்தால், அவர் பிடி ஏலத்தால் அறுவதில்லை. வீட்டின் மேல் பதிவான உரிமைகளைக் காட்டும் உரிமைத் தேடல் அறிக்கையை ஏல நாளுக்கு மிக அருகில் எடுப்பதே நல்லது. ஒரு மாதப் பழைய அறிக்கையை நம்பி விலை கேட்கக் கூடாது.