சாரம் கட்டுதல்: ‘ஸ்கேஃபோல்டிங்’ என்பதற்குக் கொத்தனாரின் சொல்

பிள்ளைகளை வாசித்துப் பொருள்கொள்ளப் பழக்குவது பற்றிப் பேச்செடுத்தால் ‘ஸ்கேஃபோல்டிங்’ வராமல் போகாது. பிள்ளை தானே செய்யப் பழகும்வரை கற்பிப்பவர் தற்காலிகமாகத் தரும் உதவிக்கு அந்தப் பெயர். தமிழில் இதை ‘ஆதரவு’, ‘தாங்கல்’ என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் பொருந்தவில்லை. பொருந்துகிற சொல் கட்டட வேலை நடக்கும் இடத்தில் நாள்தோறும் புழங்குகிறது: சாரம். சுவரோரம் சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் கட்டி, குறுக்கே பலகை போட்டு, கொத்தனார் ஏறி நின்று பூசுவாரே, அதுதான்.

‘தாங்கல்’ ஏன் ஆகாது? கான்கிரீட் தளம் இறுகும்வரை அடியில் நிற்பது முட்டு. அது தளத்தையே தாங்குகிறது. சாரமோ சுவரைத் தாங்குவதில்லை, வேலை செய்பவரைத் தாங்குகிறது. கை எட்டாத உயரத்துக்கு அவரை ஏற்றிவிடுகிறது, பூசுவது அவர்தான். வகுப்பிலும் அப்படியே. பத்தியின் பொருளை ஆசிரியரே சொல்லிவிட்டால் அது முட்டு. பிள்ளை தானே பொருளை எட்டும்படி ஏற்றிவிட்டால் அது சாரம்.

ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. தூக்குமேடைக்கும் அதே சொல்தான் என்பது வேடிக்கை. கல்விக்குள் அது நுழைந்தது 1976இல். உளவியலாளர்கள் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 3 முதல் 5 வயதுவரையான 30 குழந்தைகளுக்கு 21 மரக்கட்டைகளைக் கொண்டு பிரமிடு அடுக்கக் கற்றுக்கொடுத்தபோது, கற்பிப்பவர் செய்ததற்கு வைத்த பெயர் அது. ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி இட்ட பெயர் என்று பலர் எழுதுகிறார்கள். அவர் 1934இலேயே இறந்துவிட்டார். துணையிருந்தால் பிள்ளை எட்டக்கூடிய எல்லை என்ற அவருடைய கருத்தோடு இச்சொல்லைப் பின்னால் வந்தவர்கள் இணைத்தார்கள். வாசிப்புக்கு இதைக் கொண்டுவந்த முயற்சிகளில் பெயர்பெற்றது, பாலின்சார், பிரவுன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1984இல் எழுதிய முறை. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்கள், முன்கூட்டி ஊகித்தல், கேள்வி கேட்டல், புரியாததைத் தெளிதல், சுருக்கிச் சொல்லல் ஆகிய நான்கையும் முறைவைத்துத் தாங்களே ஆசிரியர்போல நடத்தினார்கள்.

வகுப்பில் இது எப்படி இருக்கும் என்று பார்ப்போம். ஐந்தாம் வகுப்புக்கு இப்படி இரண்டு வரி:

“கோடையில் எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரி வண்டலை வயலில் கொட்டினோம். மழை வந்தது, பக்கத்து ஊர்க் குளம் மூன்றே நாளில் நிரம்பி மறுகால் பாய்ந்தது, எங்கள் குளம் இன்னும் பாதிகூட நிரம்பவில்லை.”

கேள்வி: பக்கத்து ஊர்க் குளம் ஏன் சீக்கிரம் நிரம்பியது? பெரும்பாலான பிள்ளைகள் “மூன்றே நாளில் நிரம்பி மறுகால் பாய்ந்தது” என்று எழுதுவார்கள். கேள்வியில் உள்ள சொல் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியை அப்படியே தூக்கிவைப்பது பழகிய தந்திரம். பல பாடங்களில் அதற்கு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. இங்கே விடை எந்த வரியிலும் இல்லை. இரண்டு வரியையும் கோக்க வேண்டும்.

தூர், வண்டல், மறுகால் மூன்றையும் வாசிக்கும் முன்பே பேசிவிட வேண்டும். பிறகு, சிறிய உதவியிலிருந்து பெரியதற்குப் போகலாம். முதலில் “இன்னொரு தடவை வாசிச்சுப் பாரு.” பயனில்லையென்றால் “எந்த ரெண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்கணும்?” அதற்கும் நகரவில்லையென்றால் “தூர்வாராத குளத்துக்கு அடியில என்ன கிடக்கும்?” அடுத்து, பாதி எழுதிய வாக்கியம்: “அந்தக் குளத்தில் ____ சேர்ந்திருந்ததால் ____ கொள்ளும் இடம் குறைவு.” கடைசியாகத்தான் ஆசிரியர் தாம் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்காட்டுவது. பல வகுப்புகளில் இந்தக் கடைசிப் படியிலேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். முறையே புதிதாக இருக்கும் முதல் ஒன்றிரண்டு பத்திக்கு அது சரி, அதன்பின் ஆகாது. விதி எளியது: பிள்ளை தடுக்கினால் ஒரு படி கூட்டு, சரியாகச் சொன்னால் அடுத்த பத்தியில் ஒரு படி குறை.

தமிழுக்கே உரிய தடுமாற்றம் ஒன்று உண்டு. “கரையேறி, வலையை உதறி, மீனைப் பிரித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டாள்” என்பதில் உதறியது யார்? எச்சங்கள் அடுக்கி வந்து முற்று கடைசியில் நிற்கும்போது எழுவாய் நழுவிவிடுகிறது. முற்றுவினையை முதலில் கோடிடச் சொல்லி, ஒவ்வொரு எச்சத்துக்கும் “யார்?” என்று கேட்கச் சொல்வது இதற்கான சாரம்.

சொல்லாட்சிக்கு வருவோம். சாரத்தைச் ‘சார்’ என்ற வினையோடு சேர்த்துப் பார்க்கலாம். மாணவர் கடமையாக நன்னூல் சொல்வதும் “ஆசாற் சார்ந்து” கேட்டல்தான். அதே நூற்பாவில் வினாதலும், வினாயவை விடுத்தலும் உண்டு. ஒரே சிக்கல், ‘சாரம்’ என்றால் பிழிவு என்றும் பொருள். இலங்கையிலோ அது உடுத்தும் கைலி. ‘வாசிப்புச் சாரம்’ என்று எழுதினால் சுருக்கம் என்றே படிப்பார்கள். ஆகவே வினையோடு ‘சாரம் கட்டுதல்’ என்றோ, பெயராகச் ‘சாரக்கட்டு’ என்றோ எழுதுவது நல்லது.

வினையோடு எழுதினால் எதிர்ச்சொல்லும் கூடவே கிடைக்கிறது: சாரம் பிரித்தல். பூச்சு முடிந்த பிறகும் சாரம் நின்றால் வீட்டுக்காரரே கேட்பார். வகுப்பில் கேட்க ஆளில்லை. பாதி எழுதிய வாக்கியங்கள் ஆண்டு முழுவதும் அப்படியே தொடர்கின்றன. பிரிக்கும் நேரம் வந்துவிட்டதா என்று அறிய, முன்பின் பார்க்காத ஒரு பத்தியை எந்தக் குறிப்பும் இல்லாமல் கொடுத்து, கேள்வியையும் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். வரியில் விடை இல்லாத கேள்வி ஒன்றாவது வந்தால் கயிற்றை அவிழ்க்கலாம்.