உரிமம்: லைசென்ஸ் என்ற சொல்லும் அதன் தமிழும்

மதுரை கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கல்லாவுக்கு மேலே பார்த்தால், சாமி படங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் ஒரு காகிதம் தொங்கும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் அந்தக் கண்ணாடியிலேயே காய்ந்திருக்கும். கடைக்காரர் அதை லைசென்ஸ் என்பார். கொஞ்சம் வயதானவர் என்றால் ‘லைசென்சு’. காகிதத்தில் அச்சடித்திருப்பது ‘உரிமம்’.

லைசென்ஸ் இலத்தீனில் பிறந்த சொல். ‘லிசேரே’ என்றால் அனுமதிக்கப்பட்டிருத்தல். அதிலிருந்து ‘லிசென்ஷியா’ வந்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், வெள்ளைக்காரர் அலுவலகங்கள் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. ஆக, ஒருவர் கேட்பதும் இன்னொருவர் ‘சரி, செய்துகொள்’ என்பதும் இந்தச் சொல்லின் வேரிலேயே இருக்கின்றன. அடுத்தவர் நிலத்தில் வழி, நீர் போன்ற பாத்தியதைகளைப் பற்றிய 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட்ஸ் சட்டமும் இதையேதான் சொல்கிறது: அடுத்தவர் இடத்தில், கேட்காமல் செய்தால் சட்டவிரோதம் ஆகிவிடும் ஒரு செயலைச் செய்ய அவர் தரும் இசைவு லைசென்ஸ். அதை வைத்து அந்த இடத்தில் பாத்தியதை எதுவும் கொண்டாட முடியாது.

நம் உரிமம் வேறு குடும்பம். ‘உரி’ என்ற அடியிலிருந்துதான் உரியது, உரியவர், உரிமை எல்லாம் கிளைக்கின்றன. உரிமமும் அந்த வரிசைதான். நிர்வாகத் தேவைக்காக உருவாக்கி, அரசுக் கடிதங்களில் புழங்கிப் புழங்கி நிலைத்த சொல். ஓட்டுநர் உரிமம், தொழில் உரிமம், பட்டாசுக் கடை உரிமம் என்று எதனோடும் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது முறை யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் உரிமை என்பது நம்மிடம் இருப்பது. லைசென்ஸ் ஒருவர் கொடுப்பது. இலங்கைத் தமிழர்கள் இந்தச் சிக்கலில் மாட்டவில்லை. அங்கே ஓட்டுநர் உரிமத்துக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் என்று பெயர். நீளம்தான், ஆனாலும் இலத்தீன் பொருளுக்கு அதுதான் பக்கம். பொருத்தம் அவர்கள் சொல்லில், வசதி நம் சொல்லில். கடைப்பேச்சுக்கு நான் வசதியின் பக்கம்.

அலுவலகத் தமிழில் இதற்குப் பக்கத்து வீட்டுச் சொற்கள் பல உண்டு. ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். மாட்டுத்தாவணியிலிருந்து கிளம்பும் தனியார் பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஓட்டுநரிடம் இருப்பது உரிமம், வண்டிக்கு வாங்குவது பெர்மிட், அதாவது வழித்தட அனுமதி. ஆலைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுப்பது இசைவாணை. மூன்றிலும் நல்ல தமிழ் இசைவாணைதான் என்பேன். தடையில்லாச் சான்று என்றால், ‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்பதோடு சரி. அதை மட்டும் வைத்துக் கடை திறக்க முடியாது.

பதிவு இன்னொரு தனிச் சொல். பதிவு என்பது ‘நான் இருக்கிறேன்’ என்று அரசிடம் சொல்லி வைப்பது. வழக்கமான ஜிஎஸ்டி பதிவுக்குக் காலக்கெடு இல்லை. நீங்களோ அதிகாரியோ ரத்து செய்யும்வரை அது நிற்கும். பதிவும் உரிமமும் ஒரே சட்டத்தில் வருவதும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறிய வியாபாரிக்குப் பதிவு, பெரியவருக்கு உரிமம். இரண்டிலும் 14 இலக்க எண்தான்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கேட்டால் வேறொரு சொல் வரும்: முத்திரை. ‘தராசுக்கு முத்திரை போட்டாச்சா?’ என்பார்கள். தொழிலாளர் துறையினர் சரிபார்த்து வைக்கும் அடையாளம் அது. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. முத்திரை வடமொழிதான், ஆனால் மாற்றச் சொன்னால் யாருக்கும் புரியாது; விட்டுவிடலாம்.

அதிகம் குழப்புவது தொழில் வரி. ‘அண்ணே, லைசென்சு ரினிவல் பண்ணிட்டீங்களா?’ என்று கேட்டால், ‘அதான் போன மாசமே தொழில் வரி கட்டிட்டேனே தம்பி’ என்று பதில் வரும். இரண்டையும் மாநகராட்சியிலேயே கட்டுவதால் வரும் வினை. தொழில் வரி என்பது சம்பாதிப்பவர் மீது அரையாண்டுக்கு ஒருமுறை விழும் வரி. அரசமைப்புச் சட்டப்படி ஓர் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. தொழில் உரிமம் அந்த இடத்தில் அந்தத் தொழிலைச் செய்வதற்கானது. ஒன்றின் ரசீது மற்றொன்றுக்குச் செல்லாது.

தொழில் உரிமத்தைப் பழைய ஆட்கள் இன்னும் ‘டி அண்டு ஓ’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஆபத்து, அருவருப்பு என்ற பொருள் தரும் இரண்டு சொற்களின் முதலெழுத்துகள். விறகுக் கடை, மாவு மில் போன்றவற்றிலிருந்து தீயோ புகையோ சத்தமோ அக்கம்பக்கத்தைப் பாதிக்கும் என்பதற்காக வந்த வகை. தமிழில் ‘அருவருக்கத்தக்க தொழில்’ என்று போட்டுவிட்டார்கள். மல்லி, மிளகாய் அரைத்துக் கொடுக்கிற மனுஷன் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? ‘தொல்லை தரக்கூடிய’ என்றிருந்தால் போதும்.

ரினிவலுக்குப் புதுப்பித்தல் என்பது சரியான தமிழ்; நீட்டிப்பு வேறு. இருக்கிற தேதியைத் தள்ளி வைப்பது நீட்டிப்பு. மறுபடி விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அடுத்த தவணைக்கு வாங்குவது புதுப்பித்தல். தேதி தாண்டினால் ‘காலாவதி’ என்கிறோம். காலம், அவதி என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது. அவதிக்கு அங்கே எல்லை, தவணை என்று பொருள். அதனால் காலாவதி என்பது உண்மையில் காலக்கெடுவுக்கே பெயர். நாம்தான் கெடு முடிந்துபோனதற்கு வைத்துக்கொண்டோம். மலையாளத்தில் அவதி விடுமுறை. தமிழில் அவதி என்றால் படுவது. அபராதத்தோடு வரிசையில் நிற்பவருக்கு எந்தப் பொருள் பொருந்தும் என்று விளக்க வேண்டியதில்லை.

1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்’ என்று ஆட்சியைச் சாடியபோது அந்தச் சொற்களை ஆங்கிலத்திலேயே விட்டார். திட்டுவதற்கு லைசென்ஸ், மனு எழுதுவதற்கு உரிமம் என்ற பழக்கம் இன்றும் போகவில்லை.

கடைசியாக, பத்திரிகைகளில் அடிக்கடி வழுக்கும் ஓர் இடம். உரிமம் வைத்திருப்பவரை ‘உரிமையாளர்’ என்று எழுதிவிடுகிறார்கள். உரிமையாளர் என்றால் சொந்தக்காரர். கட்டடத்தின் சொந்தக்காரர் ஒருவர், கடை நடத்துபவர் ஒருவர், உரிமம் மூன்றாமவர் பெயரில் என்று மதுரையில் எத்தனையோ கடைகள் உண்டு. அரசுத் தமிழில் ‘உரிமதாரர்’ என்பார்கள். முன்பாதி தமிழ், ‘தாரர்’ பாரசீகத்திலிருந்து வந்தது. முழுக்கத் தமிழாக வேண்டும் என்றால் ‘உரிமம் பெற்றவர்’ என்று எழுதலாம்.