காரைச் சுருக்கலாம், பெயின்ட்டைச் சுருக்க முடியாது

நாலரை மீட்டர் நீளமுள்ள ஒரு காரை 1/24 அளவுக்குக் குறைத்தால் 19 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். கதவு, ஸ்டியரிங், சீட், சக்கரத்தின் ஆரக்கால் வரை எல்லாவற்றையும் அதே 24-ஆல் வகுத்து பிளாஸ்டிக்கில் வார்த்துவிடுகிறார்கள். ஆனால் அதன்மேல் அடிக்கிற பெயின்ட்டை 24-ஆல் வகுக்க யாராலும் முடியாது. பெயின்ட் துளியின் பரப்பு இழுவிசை, அதற்குள் மிதக்கும் உலோகச் செதிலின் அகலம், அறையின் ஈரப்பதம், ஒளியின் அலைநீளம், இதெல்லாம் ரோட்டில் ஓடுகிற காருக்கு எவ்வளவோ அவ்வளவேதான் மேஜை மேலிருக்கும் காருக்கும். ஸ்கேல் மாடல் கட்டுகிறவர்கள் நாள் கணக்கில் தேய்ப்பதும் அடிப்பதும் மறுபடி தேய்ப்பதும் பாதிக்கு மேல் இந்த ஒரு சிக்கலைச் சமாளிக்கத்தான் என்பது என் கட்சி.

கிட், அதாவது மாடல் கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய பெட்டி, எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, உருகிய நிலையில் பெரிய அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். உருகிய பிளாஸ்டிக் ஓடிவந்த வழிகளும் சேர்ந்தே இறுகிவிடுவதால்தான் பாகங்கள் ஒரு சட்டத்தில் காய்த்துத் தொங்குவதுபோலக் கிடைக்கின்றன. அந்தச் சட்டத்துக்குத்தான் ஸ்பிரூ என்று பெயர். அமெரிக்காவில் ஏஎம்டி நிறுவனம் 1958-ல் ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டக்கூடிய 1/25 அளவு கிட்களைக் கொண்டுவந்து இந்தப் பொழுதுபோக்கைப் பெரிதாக்கியது. ஜப்பானியர்கள் பெரும்பாலும் 1/24-ஐப் பிடித்துக்கொண்டார்கள். ஷிசுவோகா நகரத்து டமியா நிறுவனம், 1976-ல் வந்த 1/12 அளவு போர்ஷே 934 கிட்டுக்காக ஒரு நிஜ 911 காரையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தது. அளவெடுப்பதில் அவ்வளவு அக்கறை.

பாகங்களை ஒட்டுகிறோம் என்று சொன்னாலும் நடப்பது வெல்டிங்தான். பாலிஸ்டைரீன் என்பது நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் சிக்கிப் பின்னிக்கிடக்கிற ஒரு இடியாப்பம். மெல்லிய வகை மாடல் சிமென்ட்டில் இருப்பது ஏறக்குறைய முழுக்கக் கரைப்பான். டமியாவின் எக்ஸ்ட்ரா தின் சிமென்ட்டில் இருப்பவை அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும். இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இணைப்பின் ஒரு முனையில் பிரஷ் நுனியால் தொட்டால் போதும், நுண்புழை ஈர்ப்பில் திரவம் தானாகவே இணைப்பு முழுக்க ஓடிவிடும். அங்கே இரு பக்கத்துச் சங்கிலிகளும் தளர்ந்து, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியாகிப் போனதும் மிஞ்சுவது ஒரே பிளாஸ்டிக். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் இணைப்பு நெடுகிலும் மெல்லிய மணிபோல இளகிய பிளாஸ்டிக் பிதுங்கி வரும், அதைத் துடைக்காமல் ஒரு நாள் காயவிட்டு பிளேடால் சீவி, உப்புத்தாளில் தேய்த்தால் இணைப்பு இருந்த இடமே தெரியாது, பட்டி வைக்கவும் வேண்டியதில்லை. குரோம் பூசிய பம்பரில் இதே சிமென்ட் பிடிக்காமல் போவதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது: உலோகப் பூச்சைத் தாண்டிக் கரைப்பானால் பிளாஸ்டிக்கைத் தொட முடியவில்லை. ஒட்டுகிற இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டிவிட வேண்டும்.

சரி, பெயின்ட்டுக்கு வருவோம்.

நிஜக் காரின் தொழிற்சாலை பெயின்ட், பிரைமர் என்கிற அடிப்பூச்சு முதல் கிளியர் என்கிற நிறமற்ற மேல்பூச்சு வரை எல்லாம் சேர்த்து, சுமார் 100 முதல் 150 மைக்ரான் தடிப்பு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 24-ஆல் வகுத்தால் 4 முதல் 6 மைக்ரான். அவ்வளவு மெல்லிசாக அடித்தால் நிறமும் மூடாது, பளபளப்பும் வராது. பிரைமர், கலர், கிளியர் என்று அடிக்கும்போது மொத்தத் தடிப்பு 50 மைக்ரானைச் சுலபமாகத் தொட்டுவிடும், அதாவது நிஜக் காரின் மேல் 1.2 மில்லிமீட்டர் பெயின்ட் அப்பியதற்குச் சமம். இது முதலில் காட்டிக்கொடுப்பது கதவு இடுக்கில்தான். நிஜக் காரில் கதவுக்கும் பாடிக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் மாடலில் அது 0.17 மில்லிமீட்டர். இரண்டு பக்கச் சுவரிலும் 50 மைக்ரான் ஏறினால் இடைவெளியில் பாதிக்கு மேல் போய்விடும். பெயின்ட் அடிக்கும் முன்பே கதவுக் கோடுகளைக் கூரிய கருவியால் கீறி ஆழமாக்கிக்கொள்வது இதற்காகத்தான். கிட்டில் கோடு ஏற்கெனவே நன்றாகத்தானே இருக்கிறது என்று இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. மூன்றாவது தடவை பெயின்ட் அடித்த பிறகு கதவு பாடியோடு சேர்ந்தே வார்த்ததுபோலத் தெரியும்.

இன்னொரு பக்கம், பெயின்ட் போதுமான தடிப்பில் விழாவிட்டால் வருவது ஆரஞ்சுத் தோல், அதாவது ஆரஞ்சுப் பழத்தோல்போல மேடு பள்ளமான பரப்பு. ஸ்பிரேயிலிருந்து வருவது மூடுபனிபோலத் துளிகள். அவை பரப்பில் மேடு பள்ளமாகத்தான் விழும், பிறகு பரப்பு இழுவிசை அந்த மேடுகளை இழுத்துச் சமமாக்கும், கரைப்பான் ஆவியாகி பெயின்ட் இறுகுவதற்குள் அந்த வேலை முடிந்தாக வேண்டும். ஈரப் படலத்தின் தடிப்பு இரண்டு மடங்கானால் மேடு சமமாகும் வேகம் எட்டு மடங்காகிறது, ஏனென்றால் வேகம் தடிப்பின் மும்மடியைப் பொறுத்தது. மேடுகளுக்கு நடுவே உள்ள தூரமோ நேர்மாறாக, நான்காம் மடியில் வேலை செய்யும்: தூரம் இரட்டித்தால் சமமாக 16 மடங்கு நேரம் ஆகும். அதனால்தான் சின்ன சொரசொரப்பு கண்ணெதிரே மறைந்துவிடும், அகலமான அலை அப்படியே உறைந்துபோகும். ஸ்பிரே கேனைத் தூரத்தில் பிடித்துப் பயந்து பயந்து அடித்தால் துளிகள் பாதி வழியிலேயே காய்ந்து மணல்போல விழும். ரொம்பக் கிட்டே பிடித்தால் படலம் தடித்து, புவியீர்ப்பு ஜெயித்து, கதவின் கீழ்ப்பகுதியில் வடிந்து நிற்கும். முதலில் இரண்டு மெல்லிய கோட் அடித்து, பிடிமானம் வந்தபின் கடைசியாக ஒரே சீராக ஒரு ஈரக் கோட் அடிக்கிற வழக்கம் இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவே கண்டுபிடித்த பாதை. கடைசிக் கோட் அடிக்கும்போது விளக்கைச் சாய்வாக வைத்து, அதன் பிரதிபலிப்பைப் பாடியில் பார்த்துக்கொண்டே கையை நகர்த்துங்கள். பிரதிபலிப்பு மங்கலிலிருந்து கண்ணாடியாக மாறுகிற அந்த நொடியில் அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும்.

பரப்பு இழுவிசை செய்கிற இன்னொரு வேலையும் இருக்கிறது. கூர்மையான விளிம்பிலிருந்து ஈரமான பெயின்ட்டை அது பின்னுக்கு இழுக்கும், ஆகவே ஃபெண்டர் முனை, பானட்டின் மடிப்பு போன்ற இடங்களில் பெயின்ட் எப்போதுமே மெல்லிசு. பாலிஷ் போடும்போது முதலில் பிளாஸ்டிக் பல்லைக் காட்டுவதும் அங்கேதான். விளிம்புகளை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டுத் தேய்ப்பது நல்லது.

ஈரப்பதத்தை யாரும் பெரிதாக மதிப்பதில்லை, மதிக்க வேண்டும். லாக்கர் வகைப் பெயின்ட்டின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படியும். நீர் கலந்த பெயின்ட் நுண்துளைகளோடு இறுகும், அந்தத் துளைகள் ஒளியைச் சிதறடிக்கும், கறுப்புக் கார் சாம்பல் பூத்து நிற்கும். சென்னையில் ஐப்பசி மழை நேரத்தில் லாக்கர் கிளியர் அடித்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மெதுவாக ஆவியாகும் தின்னர் (பெயின்ட்டை நீர்க்கவைக்கும் கரைப்பான்) கொஞ்சம் கலந்தால் பரப்பு அவ்வளவு குளிராது. ஏற்கெனவே வெளுத்துப் போயிருந்தாலும் அதே மெதுவான தின்னரை மெல்லிசாக அடித்தால் லாக்கர் மறுபடி இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, பெரும்பாலும் பளபளப்பு திரும்பிவிடும்.

இப்படி மறுபடி இளகுவதுதான் லாக்கருக்கும் இன்னொரு வகைப் பெயின்ட்டான எனாமலுக்கும் உள்ள பெரிய வித்தியாசம். லாக்கர் கரைப்பான் போனால் இறுகும், கரைப்பான் வந்தால் இளகும், அவ்வளவே. எனாமல் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பாலம் கட்டிக்கொள்ளும், அதனால் காய நாள் கணக்கில் எடுக்கும். எனாமலின் தின்னர் சாதுவானது, காய்ந்த லாக்கரை அதனால் அசைக்க முடியாது. கதவுக் கோட்டில் நிழல் கொடுக்கும் வேலை முழுக்க இந்த வித்தியாசத்தை நம்பித்தான் நடக்கிறது: நீர்க்க இருக்கும் எனாமலைக் கோட்டில் ஒரு புள்ளி வைத்தால் அது பள்ளத்திலேயே ஓடி நிரம்பும், வெளியே சிந்தியதை எனாமல் தின்னரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடலாம், கீழே இருக்கும் லாக்கர் அப்படியே இருக்கும். வெள்ளைக் காருக்குக் கறுப்பு வேண்டாம், சாம்பல் நிறம் எடுங்கள். கறுப்பு, பேனாவில் கோடு போட்டதுபோல உறுத்தும்.

வரிசையை மாற்றி, காயாத எனாமல் மேல் லாக்கர் அடித்தால் அதன் வலுவான கரைப்பான் கீழ் அடுக்கை ஊறவைத்துச் சுருக்கிவிடும். சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த பாடிக்கு வெள்ளை அடிக்கிறவர்களுக்கும் இதே கரைப்பானால் தொல்லை உண்டு. பிளாஸ்டிக்கில் உள்ள சாயம் கரைந்து மேலேறி, வெள்ளைக் கார் நாளடைவில் ரோஸ் நிறமாகும். நடுவில் ஒரு கோட் சில்வர் அடிப்பது பழைய வைத்தியம். சில்வரில் உள்ள அலுமினியச் செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படுத்துச் சாயத்தின் வழியை அடைத்துவிடும்.

செதில் என்றதும் மெட்டாலிக் நிறங்களைச் சொல்லாமல் விட முடியாது. நிஜக் கார் பெயின்ட்டில் 20 மைக்ரான் அகலச் செதில் சாதாரணம். அதே டப்பாவை மாடலுக்கு அடித்தால் ஒவ்வொரு செதிலும் நிஜக் காரில் அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஜிகினாவாகத் தெரியும். போட்டோவில் பார்த்தவுடனே பொம்மை என்று சொல்லிவிடுவோம். நிஜக் காரின் கீறலை மறைக்கக் கடையில் கிடைக்கும் டச்சப் பெயின்ட் நிறத்தில் அச்சு அசலாக இருந்தாலும் மெட்டாலிக்கில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மாடலுக்கென்றே மிக நுண்ணிய செதிலோடு செய்வதைத் தேடி வாங்குங்கள்.

கிளியர் நன்றாகக் காய்ந்த பிறகு பாலிஷ். 2000 நம்பர் உப்புத்தாளின் துகள் ஏறக்குறைய 10 மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். கீறல் அலைநீளத்தைவிடப் பெரிதாக இருக்கும் வரை ஒளி சிதறும், பரப்பு மங்கலாகவே தெரியும். அதனால் 2000-ல் தண்ணீர் வைத்துத் தேய்த்ததும் கார் பாழாகிவிட்டதோ என்று தோன்றும், கவலைப்பட வேண்டாம், 3000, 6000 என்று ஏறி, கடைசியில் காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசை போடும்போது கீறல்கள் அலைநீளத்துக்குக் கீழே இறங்கிவிடும், டியூப் லைட் பானட்டில் வளையாமல் நேர்கோடாகத் தெரியும். ஒரு நம்பரைத் தாண்டிக் குதித்தால் முந்தைய தாளின் கீறல் அடியில் தங்கிவிடும், வெயிலில் வைத்ததும் தெரியும்.

கண்ணாடிகளை ஒட்டும்போது சூப்பர் குளூ பக்கமே போகாதீர்கள். அதன் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைப் படலமாக இறுகும். கைரேகையைப் பதிவு செய்யத் தடயவியல் துறை பயன்படுத்துவதும் இதே வினையைத்தான், அதாவது நீங்கள் தொட்ட இடமெல்லாம் விண்ட்ஷீல்டில் ரேகையாகப் பூக்கும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும்.

கட்டி முடித்த காரிலும் ஒரு கரைப்பான் வேலை செய்துகொண்டே இருக்கலாம். பழைய அமெரிக்கக் கிட்களில் டயர் மென்மையான பிவிசியில் செய்தது. அதை வளைந்து கொடுக்கவைக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள், டயர் தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் ரிம்முக்குள் மெதுவாக இறங்கி, வருடக்கணக்கில் அதை இளக்கும். அந்த மாதிரி கிட் கையில் கிடைத்தால், டயரை மாட்டும் முன் ரிம்மைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டிவிடுங்கள், எண்ணெயால் உலோகத்தை ஊடுருவ முடியாது. பெட்டியிலேயே வைத்திருப்பதானாலும் டயர்களைத் தனிப் பையில் போட்டு, விண்ட்ஷீல்டிலிருந்து தள்ளி வையுங்கள்.