இருபது நிமிடம், ஒரு கண்ணாடிக் குழாய்

பொங்கல் விடுமுறையில் அலுவலக நண்பர்கள் ஏழு பேர் ஜவ்வாது மலைக்கு நடக்கப் போகிறார்களாம். அவர்களில் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "சார், பாம்பு கடிச்சா கயிறு எங்க கட்டணும்? முட்டிக்கு மேலயா, கீழயா? பையில புது பிளேடு ஒரு பாக்கெட் வச்சிருக்கோம், போதுமா?"

பிளேடு தாடி மழிக்க ஆகும். கயிறு எங்கேயும் கட்ட வேண்டாம். பதில் இவ்வளவுதான். ஆனால் ஏன் என்று சொல்லாமல் விட்டால், காட்டுக்குள் ஒருவர் அலறும்போது பக்கத்தில் இருப்பவரின் கை தானாகத் துண்டை உருவும். என் கை உருவியிருக்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படி திறந்துவிட்ட பிறகு, மலைக்குப் போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். நல்லதுதான். செருப்போடு போகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். கணுக்காலை மூடும் ஷூ, இருட்டினால் டார்ச், கல் இடுக்கில் கையை விடாமல் இருப்பது, இந்த மூன்றும் போதும், பெரும்பாலான கடிகள் நடக்கவே நடக்காது. கூடாரத்தில் தூங்கினால் ஜிப்பை முழுக்க இழுத்து மூடுங்கள். தரையில் படுத்திருப்பவரை நடுராத்திரியில் வலியே தெரியாமல் கடித்துவிட்டுப் போவது கட்டுவிரியனின் வழக்கம்.

அப்படியும் கடித்துவிட்டால், பாம்பை விட்டு விலகுங்கள். அதை அடிக்கப் போகிறவர்தான் அடுத்துக் கடிபடுகிறவர். கடிபட்டவரைப் படுக்க வையுங்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, வாட்ச், ஷூ எல்லாவற்றையும் கழற்றுங்கள், வீங்க ஆரம்பித்தால் அவையே கயிறாகிவிடும். எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோல் ஒரு குச்சியை வைத்துத் துப்பட்டாவால் சுற்றி, ரத்த ஓட்டம் நிற்காத அளவில் கட்டி, அசையாமல் ஆக்குங்கள். மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், தைரியத்துக்கு என்று எதையும் ஊற்றிக் கொடுக்காதீர்கள். கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை, விஷப்பாம்பும் பல நேரம் வெறும் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போய்விடும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே இருங்கள். அது உண்மையும்கூட. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, பிணம் எரிவதை மரத்தின் மேலேறிப் பார்க்கும் என்று பாட்டி சொன்ன கதையை அப்போது யாரும் எடுக்க வேண்டாம். பாவம், அது விஷமே இல்லாத பாம்பு.

மலையில் நடப்பவர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்ற விரியன்களின் விஷப் புரதங்கள் உருவத்தில் பெரியவை. அவை நேராக ரத்தக் குழாய்க்குள் நுழைவதைவிட, நிணநீர்க் குழாய்கள் வழியாகச் சுற்றி வருவதே அதிகம். நிணநீருக்கு இதயம்போல் தனி பம்ப் கிடையாது. தசை சுருங்கும்போது குழாய் பிதுங்குகிறது, உள்ளே இருக்கும் வால்வுகள் நீரைத் திரும்ப விடாமல் மேலே தள்ளுகின்றன. கெண்டைக்கால்தான் அந்த பம்ப். "மெதுவா நடந்தே இறங்கிடலாம்" என்பவர் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை பம்ப் அடிக்கிறார். ஆகவே மற்ற ஆறு பேரும் மாற்றி மாற்றித் தூக்குங்கள்.

கயிறு கட்டினால் விஷம் நிற்காதா? இறுக்கினால் ஓரளவு நிற்கும். எங்கே நிற்கும் என்பதுதான் சிக்கல். தசையைச் செரிக்கும் நொதிகள் விரியன் விஷத்தில் நிறைய. அவற்றை ரத்தம் போகாத ஒரே இடத்தில் பூட்டி வைத்தால் கால் அழுகும். பிறகு கட்டை அவிழ்க்கும்போது தேங்கியது மொத்தமும் ஒரே மூச்சில் உடம்புக்குள் இறங்கும். யாராவது ஏற்கெனவே இறுகக் கட்டியிருந்தால் வழியில் சடாரென்று அவிழ்க்காதீர்கள், மருத்துவர் முன்னிலையில் அவிழ்க்கட்டும்.

இனி என் கதை. சில வருடங்களுக்கு முன் இதே ஜவ்வாது மலை அடிவாரம், காய்ந்த பங்குனி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நண்பர் ஒரு பாறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிவிட்டுச் சருகில் காலை நீட்டினார். சூடான எண்ணெய்ச் சட்டியில் ஈரக்கையை உதறினதுபோல் ஒரு சத்தம். சுருட்டை விரியன் செதிலோடு செதிலைத் தேய்த்து எழுப்பும் சத்தம் அது என்று அப்போது எனக்குத் தெரியாது. கடிவாயில் சின்னதாக இரண்டு புள்ளி. நான் அவருடைய ஷூ லேஸையே உருவி, முட்டிக்குக் கீழே, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன்.

கீழே ஊரில் ஒரு பெரியவர் வேப்பிலையை உருவி வந்து நண்பர் வாயில் திணித்தார். "கசக்குதா தம்பி?" "கசக்குதுங்க ஐயா." "அப்ப விஷம் ஏறல, பயப்படாத." அடுத்து மிளகு. அதுவும் காரமாகத்தான் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் பட்டம் வாங்கியவர்கள், அந்தப் பதிலில் எங்களுக்கு நிஜமாகவே நிம்மதி வந்தது. விரியன் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது, நாகமும் கட்டுவிரியனும் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் துண்டிக்கின்றன. நாக்கின் கசப்பு மொட்டில் இவற்றில் எதற்கும் வேலையில்லை. விஷம் ஏறினவருக்கும் வேப்பிலை கசக்கும். கட்டுவிரியன் கடித்து விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு அந்த இலை தொண்டையில் சிக்கினால் அதுவே எமன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா நண்பரின் கையிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்தார். அதை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, மேஜை ஓரத் தாங்கியில் நிறுத்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். "ஊசி போடாம இதென்ன வேடிக்கை?" என்று நண்பர் பதற, போகிறபோக்கில் திரும்பிச் சொன்னார்: "உறை ஊத்தி வச்சிருக்கேன் சார். ஆட்டக் கூடாது. இருபது நிமிஷம் பொறுங்க."

பாம்புக்கடி வைத்தியத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நம் நாளங்களின் உள்சுவர் வழவழப்பானது, ரத்தம் அதில் ஒட்டாமல் உறையாமல் ஓடும். கண்ணாடி அப்படியல்ல. அதன் பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. ரத்தத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் 12-ஆம் காரணி என்ற புரதம் அதில் படிந்ததும் உருவம் மாறி விழித்துக்கொள்கிறது. அது 11-ஐ எழுப்பும், 11 ஒன்பதை, ஒன்பது பத்தை. பத்தாவது காரணி புரோத்ராம்பினை வெட்டி த்ராம்பின் ஆக்குகிறது. த்ராம்பின், ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் நூலாகத் திரிக்கிறது. நூல் வலையாகி, வலையில் செல்கள் மாட்டி, இருபது நிமிடத்துக்குள் குழாயில் கெட்டித் தயிர்.

இந்தப் 12-ஆம் காரணிக்கு ஹேகமன் காரணி என்றும் பெயர். ஜான் ஹேகமன் அமெரிக்க ரயில்வேத் தொழிலாளி. ஓர் அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறையவே இல்லை. மருத்துவர்கள் மிரண்டார்கள், ஆனால் அவருக்கு ஆயுளில் அதிகப்படி ரத்தம் வந்ததே கிடையாது. 1955-ல் ஆஸ்கர் ராட்னாஃப் என்ற மருத்துவர் இதை விளக்கி எழுதினார். ஹேகமனிடம் இல்லாதது கண்ணாடியை அடையாளம் காணும் புரதம் மட்டுமே. காயத்தை அடைக்க உடம்பு வேறொரு வாசலைப் பயன்படுத்துகிறது. 1968-ல் ஹேகமன் இறந்தது, அடிபட்டு இடுப்பெலும்பு முறிந்தபின் நுரையீரலை அடைத்த ரத்தக் கட்டியால்! உறையாத ரத்தத்துக்காக மருத்துவ நூலில் பெயர் ஏறியவரின் முடிவு அப்படி.

விரியன் இந்தச் சங்கிலியில் என்ன செய்கிறது? எல்லாரும் நினைப்பதுபோல் அது உறைதலைத் தடுப்பதில்லை. அளவுக்கு மீறித் தூண்டுகிறது. சுருட்டையின் விஷத்தில் உள்ள எக்காரின் என்ற நொதி, வரிசையில் நிற்காமல் நேராகப் போய்ப் புரோத்ராம்பினை வெட்டுகிறது. கண்ணாடி விரியனின் விஷம் பத்தாம் காரணியையும் ஐந்தாம் காரணியையும் எழுப்பிவிடுகிறது. உடம்பெங்கும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஃபைப்ரின் துணுக்குகள் உண்டாகின்றன, உடம்பு அவற்றைக் கரைத்துத் தள்ளுகிறது. சில மணி நேரத்தில் ஃபைப்ரினோஜன் கையிருப்பு காலி.

நர்ஸம்மாவின் உறையை எடுத்துக்கொள்வோம். நல்ல பாலில் எலுமிச்சையைப் பிழிந்தால் திரிதிரியாகத் திரிந்து, மிச்சம் நீர்த்த தண்ணீராக நிற்கும். அதில் எவ்வளவு நல்ல உறைமோரை ஊற்றி வைத்தாலும் காலையில் தயிர் இருக்காது. கண்ணாடிக் குழாய் அந்த உறைமோர். உறையவில்லை என்றால், பால் முன்பே திரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இதே விஷத்தால் ரத்தத்தை நிறுத்தியும் இருக்கிறார்கள். 1934-ல் லண்டனில் மேக்ஃபர்லேன் என்ற மருத்துவர், அங்குள்ள விலங்குக்காட்சி சாலையின் ஊர்வனப் பிரிவைக் கவனித்த பார்னெட்டுடன் சேர்ந்து, கண்ணாடி விரியன் விஷத்தை நீர்க்க நீர்க்கக் கலக்கி, ரத்தம் உறையாத நோய் உள்ளவர்களின் காயத்தில் வெளியே வைத்து நிறுத்திக் காட்டினார். ஒரு சொட்டு காயத்தின் மேல் பட்டால் மருந்து, உடம்பு முழுக்கப் பரவினால் சாவு.

இந்தச் சோதனைக்குக் கரண்டும் கருவியும் வேண்டாம். வேண்டியது கண்ணாடி, அதுவும் சுத்தமாக, உலர்ந்து, சோப்புத் தண்ணீர் படாமல். சோப்பு ஒட்டியிருந்தால் அந்தப் பரப்பு செத்துவிடும். சாதாரண பிளாஸ்டிக்கில் விட்டால் நல்ல ரத்தமே தாமதமாக உறைந்து பொய் சொல்லும். எல்லாம் பிளாஸ்டிக்காகிவிட்ட காலத்தில் மலையடிவார ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் ஒரு கண்ணாடிக் குழாயைத் தேட வேண்டியிருக்கிறது என்பது எனக்கு ஆற்றாமை. சோதனையும் முற்றும் நம்பத்தக்கதல்ல. லேசான விஷத்தைச் சில நேரம் தவறவிடும், ஆகவே ஒருமுறை உறைந்தாலும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். நாகம், கட்டுவிரியன் என்றால் ரத்தம் உறையத்தான் செய்யும், அங்கே மருத்துவர் இமை சரிகிறதா என்று பார்ப்பார். காட்டில் நீங்களே கீறிச் சோதிக்கப் புறப்பட்டுவிடாதீர்கள்.

கடித்ததுமே விஷமுறிவு ஊசி போட்டுவிடலாமே என்றால், அது குதிரையின் ரத்தத்திலிருந்து பிரித்தது, சிலருக்கு உயிரையே பறிக்கும் ஒவ்வாமை வரும். விஷம் ஏறியது உறுதியானால்தான் போடுவார்கள். அளவுக்கும் கணக்கு உண்டு. கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாகச் செலுத்துவது 60 மில்லிகிராமுக்குச் சற்று மேல். மருந்து 1 மில்லி 0.6 மில்லிகிராமை முறிக்கும், 10 மில்லி குப்பி 6 மில்லிகிராமை. முதலில் பத்துக் குப்பி ஏற்றுவது என்ற கணக்கு எப்படி வந்தது என்று இப்போது தெரியும். குழந்தைக்கும் அதே பத்துதான். பாம்பு ஆள் பார்த்து அளந்து செலுத்துவதில்லையே.

இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்கிறது 2000 முதல் 2019 வரையிலான கணக்கு. 2024 நவம்பரில்தான் தமிழ்நாடு இதை அறிவிக்கத்தக்க நோயாக்கியது, அதாவது ஆஸ்பத்திரிகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக. நம் மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி, 1978-ல் தொடங்கி, சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அந்தச் சமூகத்தின் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தது மகிழ்ச்சி. ஆனால் ஒரே இனப் பாம்பின் விஷம்கூட ஊருக்கு ஊர் மாறுகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மூக்கு நுனி தூக்கியிருக்கும் சின்னக் குழிவிரியன் ஒன்று இருக்கிறது. அதன் கடியை இந்த மருந்து முறிப்பதே இல்லை. விருது கொடுக்கும் கையே பிராந்திய விஷமுறிவு ஆய்வுக்கும் பணம் கொடுக்கலாம். பாம்புக்கடியால் சாகிறவர் பெரும்பாலும் வரப்பில் வெறுங்காலோடு நடக்கிறவர், அவர் குரல் நிதிக்குழு வரை எட்டுவதில்லை என்பது என் கட்சி.

எங்கள் கதையில் மணி எட்டரை. நர்ஸம்மா குழாயைச் சாய்த்தார். ரோஸ்மில்க் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. மருத்துவர் வந்து, ஊசியெல்லாம் தயாரான பின் என் ஷூ லேஸைக் கத்தரித்தார். அது பதிந்த தடம் ஊதா நிறத்தில் காலைச் சுற்றி இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

மருந்து விஷத்தைப் பிடித்துக் கட்டும், ஃபைப்ரினோஜனைக் கொண்டுவந்து கொட்டாது. அதைக் கல்லீரல் புதிதாகக் காய்ச்சித் தர வேண்டும், அதற்கு ஆறு மணி நேரம் ஆகும். அதனால் அடுத்த குழாய் ராத்திரி மூன்று மணிக்கு. அதுவும் ஓடியது. இன்னும் சில குப்பிகள் ஏறின. நண்பர் தூங்கவில்லை, பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருமோ என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

காலை ஒன்பதரைக்கு மூன்றாவது குழாய். நர்ஸம்மா டியூட்டி முடிந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவர், திரும்பி வந்து அதைத் தாங்கியிலிருந்து எடுத்து, நண்பரின் முகத்துக்கு நேரே தலைகீழாகக் கவிழ்த்தார். நண்பர் பதறித் தலையைத் திருப்பிக்கொண்டார். ஒரு சொட்டும் விழவில்லை.