ஒன்நோட் நோட்டு வீடு மாறும் விதம்

அம்மா சொல்லச் சொல்ல நான் ஒன்நோட்டில் (மைக்ரோசாஃப்ட்டின் குறிப்பெழுதும் ஆப்) எழுதிவைத்த சமையல் நோட்டு ரொம்ப நாளாக என் லேப்டாப்பிலேயே கிடந்தது. அக்காவும் அதில் எழுதட்டும் என்று ஒரு நாள் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவுக்கு மாற்ற உட்கார்ந்தேன். வழக்கமான பழக்கத்தில், ஃபோல்டரைக் காப்பி செய்து ஒன்டிரைவில் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஃபோல்டரைத் திறந்து பார்த்தால், திரையில் ஒரே நோட்டாகத் தெரிந்தது உள்ளே பல ஃபைல்களாக இருந்தது. குழம்பு, ஊறுகாய், பலகாரம் என்று நான் பிரித்த ஒவ்வொரு பகுதிக்கும் ‘டாட் ஒன்’ என்று முடியும் ஒரு ஃபைல். கூடவே, பகுதிகளின் வரிசையைக் குறித்துவைக்கும் ஒரு சின்னப் பொருளடக்க ஃபைல். பக்கங்களுக்குத் தனி ஃபைல் கிடையாது. எல்லாம் அந்தந்தப் பகுதிக்குள்ளேயே அடங்கிவிடும்.

பகுதி ஃபைலின் உள்ளமைப்பு இன்னும் அழகானது. பக்கம், பத்தி, படம் எல்லாமே தனித்தனிப் பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் வேறெதோடும் மோதாத ஓர் அடையாள எண் உண்டு. ஒரு பத்தியைத் திருத்தினால் அந்தப் பொருளுக்கு மட்டும் புதிய பதிப்பு சேரும். நாம் எழுதுவது முதலில் கம்ப்யூட்டரில் உள்ள கேச் என்ற இடைக்காலச் சேமிப்பில் பதியும். அப்புறம் மாறிய துண்டுகள் மட்டும் சர்வருக்குப் போகும், மற்றவர்கள் மாற்றியவை இங்கே வரும்.

இதன் பலனை வத்தக்குழம்புப் பக்கத்தில் பார்த்தோம். நெட் இல்லாத நேரத்தில் நான் புளி அளவைத் திருத்தினேன். அதே பக்கத்தில் அக்கா கீழே வேறொரு பத்தியில், இறக்கும்போது வெல்லம் போடச் சொல்லி எழுதியிருந்தாள். நெட் வந்ததும் இரண்டும் ஒரே பக்கத்தில் ஒழுங்காகச் சேர்ந்துகொண்டன. இருவரும் புளி அளவையே மாற்றியிருந்தால் ஒன்நோட் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அழிக்காது. இரண்டையும் வைத்துக்கொண்டு நம்மிடம் கேட்கும். ஃபைல்களை இரண்டு இடத்திலும் ஒன்றுபோல வைத்திருக்கும் சாதாரண ஃபைல் சிங்க்குக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. அதன் கண்ணுக்கு ஒரு ஃபைல் ஒரே மூட்டைதான். ஃபோல்டரை இழுத்துப் போடக்கூடாது என்பது இதனால்தான்.

சரி, எப்படி மாற்றுவது? விண்டோஸ் ஒன்நோட்டில் ஃபைல் மெனுவுக்குப் போய் ‘ஷேர்’ என்பதைத் தொட்டு, இடத்தைத் தேர்ந்தெடுத்து, நோட்டை நகர்த்தச் சொல்ல வேண்டும். பகுதிகளை ஏற்றிவிட்டு, கேச் இனி எந்த முகவரியோடு பேச வேண்டும் என்பதையும் ஒன்நோட்டே மாற்றிக்கொள்ளும். கையால் காப்பி செய்தால் இந்த இரண்டாவது வேலை நடக்காது.

எந்த இடம் என்பதில் கவனம் வேண்டும். குடும்ப நோட்டுக்குச் சொந்த ஒன்டிரைவ் போதும். 5 ஜிபி இலவசம். ஆபீஸில் பலர் சேர்ந்து எழுதும் நோட்டை ஒருவருடைய ஒன்டிரைவில் வைப்பது தவறு என்பேன். அவர் வேலையை விட்டு, கணக்கும் நீக்கப்பட்டால், நிர்வாகி வேறு ஏற்பாடு செய்யாதவரை 30 நாளில் அவருடைய ஒன்டிரைவும் அழிவுக்குப் போய்விடும். குழுவின் நோட்டு, ஆபீஸ் குழுக்கள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் மைக்ரோசாஃப்ட் சேவையான ஷேர்பாயிண்டில், குழுவின் தளத்தில் இருக்கட்டும். ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றுக்கு மாற, புதிய இடத்தில் புது நோட்டு தொடங்கி, பகுதிகளை ஒவ்வொன்றாக ரைட் கிளிக் செய்து நகலெடுப்பது நம்பகமான வழி. பழைய அனுமதிகள் நோட்டோடு சேர்ந்து வராது. ஆட்களை மறுபடி சேர்க்க வேண்டும்.

பழைய நோட்டை உடனே அழித்துவிடாதீர்கள். லேப்டாப்பில் எல்லாம் சரியாகத் தெரிவதை நம்ப முடியாது. அங்கே தெரிவது கேச். பிரௌசரில் திறந்தால்தான் சர்வரில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரியும். எங்கள் நோட்டில் குழம்பும் பலகாரமும் உடனே வந்துவிட்டன. அம்மாவின் கையெழுத்துச் சீட்டுகளைப் படம்பிடித்து ஒட்டிய ஊறுகாய்ப் பகுதி மட்டும் அரைமணி நேரம் கழித்துத்தான் பிரௌசரில் தெரிந்தது.